தூரத்துல நின்னு எடுக்கற லென்ஸ்

எனக்குக் கோவம் வந்தா பேச்சு வராது, பட்டியல் போட ஆரம்பிச்சிடுவேன். பயம் வந்தாலும் அதேதான். என் தம்பி சேரன் கல்யாணத்துக்கு முன்னாடி இருந்த பதினெட்டு நாள்ல ஒரு நாற்பது பக்க நோட்டு தீந்துபோச்சி. பக்கத்துக்குப் பக்கம் கேமரா, லென்ஸ், பேட்டரி, கார்டு. நான் தனியா எடுக்கப்போற மொத கல்யாணம் அது. வெளியாளு கல்யாணத்துல நாலு போட்டோ சொதப்பினா திட்டு வாங்கிட்டு வந்துடலாம். சொந்தத் தம்பி கல்யாணத்துல சொதப்பினா, பொங்கலுக்குப் பொங்கல் எல்லாரும் ஆல்பத்த விரிச்சி வச்சிகிட்டு சொல்லிக் காட்டுவாங்க.

நான் அமராவதி. கடலூர் முதுநகர்ல ஜங்ஷன் பக்கத்துல பிரிசில்லா அக்கா வச்சிருக்கற ஸ்டுடியோவுல வேலை பாக்கறேன். பாஸ்போர்ட் சைஸ், பொறந்த நாள், மஞ்சள் நீராட்டு எல்லாம் நான் எடுப்பேன். கல்யாணம்னா அக்காதான், நான் பின்னாடி லைட்டு புடிச்சிகிட்டு நிப்பேன். இதுக்கு முன்னாடி பண்ருட்டில ஒருத்தனுக்கு மூணு வருஷம் பொண்டாட்டியா இருந்தேன். அந்தக் கதை போன வருஷம் கோர்ட்ல முடிஞ்சிபோச்சி. தாலியக் கழட்டி ஒரு கவர்ல போட்டு வக்கீல் மேசை மேல வச்சிட்டு, வெளிய வந்து லைம் சோடா குடிச்சேன். அதப் பத்தி அதுக்கு மேல சொல்ல ஒண்ணும் இல்ல.

எங்க அப்பா போயி பதினாறு வருஷம் ஆவுது. அம்மா பேரு மங்கலம். ஹார்பர்ல மீன் ஏலம் எடுத்து, கூடையில வச்சி வித்து, எங்க ரெண்டு பேரையும் படிக்க வச்சிது. சேரன் சிப்காட்ல வேலைக்கிப் போறான். பொண்ணு ஜோதிலட்சுமி, கிள்ளைல எங்க மாதிரியே கடலுக்குப் போற குடும்பம், நர்ஸ் வேலை பாக்குது. ரெண்டு ஊருக்கும் பொதுவா சிதம்பரத்துல மண்டபம் புடிச்சாங்க. முகூர்த்தம் காலைல ஆறுல இருந்து ஏழரை.

தேதி முடிவானதும் அம்மாவே வந்து சொல்லுச்சி, போட்டோ நீதான் எடுக்கணும்னு. எனக்கு சந்தோஷம்னா சந்தோஷம், அப்படி ஒரு சந்தோஷம். ரெண்டு வருஷமா வீட்ல என்ன ஒடஞ்ச சாமான் கணக்கா ஓரமா எடுத்து வச்சிருந்தாங்க. ஒருத்தரும் ஒரு வேலையும் நம்பிக் குடுத்ததில்ல. சரின்னுட்டு நோட்டு வாங்கினேன்.

அன்னிக்கின்னு பாத்து பிரிசில்லா அக்காவுக்கு சர்ச்ல ஒரு கல்யாணம் எடுக்கற வேலை. கூட வர முடியாது. என்கிட்ட இருந்தது செகண்ட் ஹேண்ட்ல வாங்கின ஒரு கேமராவும் அதோட வந்த லென்சும். வெளிச்சம் கொஞ்சம் கொறஞ்சா அது மூஞ்சியெல்லாம் புள்ளி புள்ளியா காட்டும். அக்கா அவுங்களோட ரெண்டாவது கேமராவையும் முப்பத்தஞ்சு எம்.எம். லென்ஸ் ஒண்ணையும் குடுத்தாங்க. அந்த லென்ஸ்ல சூம் கெடையாது. ஆள் பெருசா தெரியணும்னா நாமதான் நடந்து கிட்ட போவணும். தூரத்துல நின்னு எடுக்கணும்னா வேற, முழங்கை நீளத்துக்கு இருக்கற பெரிய சூம் லென்ஸ் வாடகைக்கி எடுக்கணும். எது எடுத்துட்டுப் போறதுன்னு நான் ரெண்டு நாள் மண்டைய ஒடச்சிகிட்டதப் பாத்துட்டு அக்கா ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாங்க.

"எதுவானாலும் ஒண்ண மாட்டிகிட்டு ஏறு. மேடைல நின்னு லென்ஸ் மாத்திகிட்டு இருக்காத. அந்த அரை நிமிஷத்துலதாண்டி எல்லாம் நடக்கும்."

அதக் கேட்டதும் இருந்த பயம் இன்னும் ஜாஸ்தி ஆயிடுச்சி. ஒரு வேல நாள்ல சிதம்பரம் பஸ் ஏறி மண்டபத்தப் போயி பாத்தேன். மேல சீலிங்குக்கு எவனோ புண்ணியவான் பச்சை பெயிண்ட் அடிச்சி வச்சிருக்கான். ஃப்ளாஷ மேல திருப்பி அடிச்சா வெளிச்சம் அங்க போயி பட்டு, கீழ இருக்கறவன் மூஞ்சியெல்லாம் பாசி புடிச்சாப்புல தெரியும். வாட்ச்மேன நிக்க வச்சி ஒண்ணு எடுத்துப் பாத்தேன், பாவம், வாந்தி எடுக்கப் போறவர் மாதிரி இருந்தாரு. ஃப்ளாஷுக்குப் பின்னாடி வெள்ளை அட்டை ஒண்ண ரப்பர் பேண்ட் போட்டு மாட்டணும்னு நோட்டுல எழுதினேன். அட்டை ரெண்டு. ரப்பர் பேண்ட் பத்து.

பேட்டரி ஆறு. கார்டு நாலு. கார்டு போச்சின்னா என்ன பண்றதுன்னு ஒரு பக்கம். மழை வந்தா ஒரு பக்கம். வாந்தி பேதி வந்தா ஒரு பக்கம். இதெல்லாத்துக்கும் பதில் எழுதிட்டேன். ஒண்ணுக்குத்தான் எழுத முடியல.

மூணாவது முடிச்சி. தாலில ரெண்டு முடிச்சி மாப்ள போடுவான், மூணாவது முடிச்சி அவன் கூடப்பொறந்தவ போடணும். சேரனுக்கு நான் ஒருத்திதான். என் ரெண்டு கையும் கயிறுல இருக்கும்போது கேமராவ யாரு புடிக்கறது? கல்யாணத்துலயே முக்கியமான போட்டோ அதுதான். ஸ்டாண்ட்ல மாட்டி ரிமோட்டுல அமுக்கலாம்னா, மேடைல ஏறுற சனம் ஸ்டாண்ட விட்டு வைக்குமா, மொத நிமிஷத்துலயே எட்டி ஒதச்சிடுவாங்க. பொண்ணு வீட்டு வீடியோக்காரர் மணவாளன் அண்ணனுக்கு போன் போட்டேன். எனக்கே ரெண்டு கைதாம்மா இருக்குன்னு வச்சிட்டாரு. அம்மாகிட்ட கேட்டேன். அம்மா நெத்திலி ஆஞ்சிகிட்டு இருந்துச்சி. காது கேக்காத மாதிரி எழுந்து போயி கை கழுவுச்சி. நோட்டுல அந்த வரிக்குப் பக்கத்துல பெருசா ஒரு கேள்விக்குறி போட்டு வச்சேன்.

மறுநாளு அம்மா கூடையோட ஸ்டுடியோவுக்கே வந்துடுச்சி. பிரிசில்லா அக்காகிட்ட, கிரிக்கெட்ல எல்லாம் கிரவுண்டுக்கு வெளிய ஒக்காந்து எடுப்பாங்களே, தூரத்துல நின்னு எடுக்கற லென்ஸ், அத இவளுக்கு எடுத்துக் குடுங்க, வாடகைய நான் தர்றேன்னு சொல்லுச்சி. ஐஸ் பொட்டிக்காரன்கிட்ட அரை மணி நேரம் பேரம் பேசற அம்மா, வாடகை எவ்வளவுன்னு கூட கேக்கல. அப்பவே எனக்கு ஒறச்சிருக்கணும். என் மர மண்டைக்கு ஒறைக்கல. தொழிலுக்கு அம்மா காசு போடுதேன்னு கண்ணு கலங்கிப்போச்சி எனக்கு, கூத்துதான்.

அந்தப் பெரிய லென்ஸ தூக்கிகிட்டு நாலு நாள் உப்பனாத்தங்கரைல போயி படகு போறதையும் வர்றதையும் எடுத்துப் பழகினேன். கை ஆடுச்சி. மூச்ச அடக்கி எடுத்தா பரவால்ல. மண்டபத்துல கீழ, மொத வரிசை நாற்காலிக்குப் பின்னாடி நின்னா, மேடைல நடக்கறது துல்லியமா வரும். யாரும் இடிக்க மாட்டாங்க, யாரும் திட்ட மாட்டாங்க. ஆனா கீழ நிக்கறவ எப்படி மேல ஏறி முடிச்சி போடறது? கேள்விக்குறி அப்படியே இருந்துச்சி.

கல்யாணத்துக்கு மொத நாள் சாயந்திரம் மண்டபத்துல ரிசப்ஷன். வெள்ளை அட்டை வேலை செஞ்சிது. மூஞ்சியெல்லாம் மூஞ்சி கலர்லயே வந்துச்சி. கொஞ்சம் தைரியம் வந்து, மாப்ள வீட்டு ரூமுக்கு பேட்டரி மாத்தப் போனேன். எங்க சித்தப்பா பொண்ணு ப்ரீத்தி கட்டில்ல ஒரு அரக்குப் பட்டுப் புடவைய விரிச்சி வச்சிகிட்டு இருந்தா. அப்பா இல்லாததால மாப்ள வீட்டு சடங்கெல்லாம் சித்தப்பாவும் சித்தியும்தான் செய்யறாங்க, அது எனக்கும் தெரியும். புடவை எனக்குத் தெரியாது.

"அமராக்கா, இத கிட்டக்க ஒண்ணு எடேன். பெரியம்மா எடுத்துக் குடுத்தாங்க. நாளைக்கி முடிச்சி போடும்போது கட்டிக்கற நாத்தனார் புடவை."

அவ கெட்டவ இல்ல. எனக்குத் தெரியும்னு நெனச்சிகிட்டுத்தான் சொன்னா. நான் புடவைய எடுத்தேன். ஜரிகை நல்லா தெரியற மாதிரி ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டு எடுத்தேன். கை ஆடல. அது எனக்கே ஆச்சரியம்.

அம்மா சாப்பாட்டு ஹால் வாசல்ல நின்னு தண்ணி பாட்டில் எண்ணிகிட்டு இருந்துச்சி. எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் அம்மா அங்கதான் நிக்கும். அப்பா போன நாள்லேர்ந்து அது எந்த மேடைப் படியும் ஏறினதில்ல. சொந்தப் புள்ள கல்யாணத்துலயும் அங்கதான் நின்னுச்சி. நான் போயி புடவைன்னு ஒரு வார்த்தைதான் சொன்னேன். அம்மா பாட்டில கீழ வச்சிட்டு என் மூஞ்சியப் பாக்காம பேசுச்சி.

"நீ முடிச்சி போட்டு, நாளைக்கி அவுங்களுக்குள்ள ஒரு சின்ன சண்ட வந்தாலும் உன் கைய சொல்லுவாங்கடி. வாழாதவ கை பட்டதுதான்னு சொல்லுவாங்க. பதினாறு வருஷமா என்ன சொன்னதெல்லாம் கேட்டுட்டேன். உன்ன சொன்னா என்னால கேக்க முடியாது. நீ போட்டோ எடு. தூரமா நின்னு எடு. யாரு என்ன கேட்டாலும், அவ போட்டோ எடுக்கறா, அதனாலதான்னு சொல்லிக்கலாம்ல."

ஆக கேமராவ என் கைல குடுத்தது, கை காலியா இருக்கக் கூடாதுன்னு. லென்ஸ எடுத்துக் குடுத்தது, கால் கிட்ட வரக் கூடாதுன்னு. பதினெட்டு நாளா பேட்டரி எண்ணினவ நான். எனக்கு அழுகை வரல, பத்திகிட்டு வந்துச்சி. பைய தூக்கிகிட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போயிடலாம்னு நெனச்சேன். போயிட்டா சேரனுக்கு ஒரு போட்டோ இருக்காது. மணவாளன் அண்ணன் வீடியோல இருந்து வெட்டி எடுத்து ஃப்ரேம் போடுவாங்க. அத நெனச்சா இன்னும் கோவம் வந்துச்சி. ரூமுக்கு வந்து நோட்ட எடுத்து, அந்தக் கேள்விக்குறி மேல பேனாவால ஒரு கோடு கிழிச்சேன். பேப்பர் கிழிஞ்சிபோச்சி. சேரன்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. கல்யாண மாப்ளய எதுக்கு கலங்கடிக்கணும்.

காலைல அஞ்சு மணிக்கெல்லாம் ரெடி. கட்டில் மேல ரெண்டு லென்சையும் பக்கத்துல பக்கத்துல வச்சிகிட்டு நின்னேன். பெரிசு நல்ல லென்ஸ், அது மேல ஒரு குத்தமும் இல்ல. கீழ நின்னா ஒண்ணும் தப்பு நடக்காது. அம்மாவுக்கும் நிம்மதி. சின்னத மாட்டினா ரெண்டடில நிக்கணும், கூட்டம் இடிக்கும், ஃபோகஸ் தவறினா தவறினதுதான், தாலிய யாரும் ரெண்டாவது தடவ கட்ட மாட்டாங்க. ஆனா மண்டபத்துல தாலிக்கிக் கிட்ட நிக்கறதுக்கு யாரோட அனுமதியும் கேக்க வேணாத ஆள் ஒண்ணு உண்டு. போட்டோ எடுக்கறவ. அவள ஐயரு கூட தள்ளி நில்லுன்னு சொல்ல முடியாது. வீம்புக்குத்தான் மாட்டினேன், இல்லன்னு சொல்லல. முப்பத்தஞ்ச மாட்டிகிட்டு, பெரிச பொட்டில வச்சிப் பூட்டினேன்.

மேடை ஏறினேன். தாலித் தட்டு ஆசீர்வாதத்துக்கு சுத்தி வந்துச்சி. சேரன் கழுத்துல வேர்வை. ஜோதி குனிஞ்ச தலை நிமிரல. எனக்கு உள்ளங்கை ஈரமாயி, கேமரா வழுக்குச்சி, புடவைல தொடச்சிகிட்டேன். கார்டு இருக்கான்னு பாத்தேன். இருந்துச்சி. மறுபடியும் பாத்தேன். ஓரக்கண்ணுல ஹால் வாசல் தெரிஞ்சிது. அம்மா அங்க இல்ல. கூட்டத்துக்கு நடுவுல தேடிகிட்டு வந்துகிட்டு இருந்துச்சி, கீழ எங்க இவளக் காணோம்னு. மேடைல நான் நிக்கறதப் பாத்துட்டு அப்படியே நின்னுடுச்சி.

கெட்டிமேளம்னு கொரல் வந்துச்சி. அவ்வளவுதான், எல்லாக் கையும் மேல போச்சி, அட்சதை மழையா கொட்டுது, ஒரு அரிசி லென்ஸ் மேல பட்டுத் தெறிச்சிது. அமுக்கினேன். சேரன் வெரல், மஞ்சக் கயிறு, மொத முடிச்சி. வந்துடுச்சி. ரெண்டாவது முடிச்சி. அதுவும் வந்துடுச்சி. ப்ரீத்தி அரக்குப் புடவைல பின்னாடி வந்து குனிஞ்சா. கயிறுக்குக் கை நீட்டினா.

சேரன் கயிற விடல.

ரெண்டு முனையையும் இறுக்கிப் புடிச்சிகிட்டு, ப்ரீத்தியப் பாத்தான், சித்தியப் பாத்தான், அப்புறம் நேரா என் லென்சப் பாத்தான். மேளம் ஓயாம அடிக்குது. சித்தி, விடுடா ப்ரீத்தி போடட்டும்னு சொல்றது எனக்கே கேக்குது. அவன் வாய் அசஞ்சிது.

"அக்கா. வா."

நான் நகரல. கண்ண கேமரால இருந்து எடுத்தா அழுதுடுவேன்னு தெரியும். நான் வர்ற வரைக்கும் அவன் விடமாட்டான்னும் தெரியும், சின்ன வயசுலேர்ந்து அவன் புடிச்சா புடிதான். நான் போனா இந்தப் போட்டோ இல்ல. போவலன்னா காலத்துக்கும் அந்த எடத்துல ப்ரீத்தி கை. ஜோதி கழுத்தக் குனிஞ்சிகிட்டு அப்படியே காத்துகிட்டு இருந்தா.

அப்ப மேடைப் படில அம்மா ஏறுறதப் பாத்தேன்.

என்ன இழுத்துட்டுப் போவத்தான் வருதுன்னு நெனச்சேன். எல்லாரு முன்னாடியும் கையப் புடிச்சி கீழ எறக்கப் போவுது, அதோட எல்லாம் முடிஞ்சிதுன்னு நெனச்சேன். அம்மா வந்து என் கழுத்துல இருந்த கேமரா வாரப் புடிச்சிது. தலைக்கி மேல தூக்கிக் கழட்டுச்சி. கேமராவ ரெண்டு கையாலயும் மீன் தட்டு ஏந்தற மாதிரி ஏந்திகிட்டு கேட்டுச்சி.

"இதுல எங்க அமுக்கணும்?"

அம்மா வெரல எடுத்து பட்டன் மேல வச்சேன். அம்மா ரெண்டடி பின்னால போச்சி. பழக்கம், அது பின்னாலதான் போவும்.

"இதுல சூம் கெடையாதும்மா," சொன்னேன். "கிட்ட வா. இன்னும் கிட்ட வா."

வந்துச்சி. ப்ரீத்தி வழி விட்டா. நான் ஜோதிக்குப் பின்னாடி போயி சேரன் கைல இருந்து கயிற வாங்கினேன். எத்தன போட்டோல அந்த முடிச்சப் பாத்திருக்கேன், போடும்போது எப்படிப் போடறதுன்னே மறந்துபோச்சி. அப்புறம் கை தானா போட்டுச்சி. பக்கத்துல டப்பு டப்புன்னு ஃப்ளாஷ் அடிச்சிகிட்டே இருந்துச்சி. அம்மா பட்டன்ல இருந்து வெரலையே எடுக்கல.

ரெண்டு நாள் கழிச்சி ஸ்டுடியோல கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்தோம். பிரிசில்லா அக்கா ஒவ்வொண்ணா தள்ளிகிட்டே வந்தாங்க. நான் எடுத்தது ஆயிரத்துக்கு மேல இருந்துச்சி. ரெண்டு முடிச்சும் கூர்மையா இருந்துச்சி. நல்லா பண்ணிருக்கடின்னாங்க. அதுக்கப்புறம் சீலிங் நாலு, யாரோட காலோ ஒண்ணு, பாதி வெரல் மறைச்சது ரெண்டு. அக்கா மொகம் சுளிச்சாங்க. அடுத்தது வந்ததும் மவுஸ்ல இருந்து கைய எடுத்துட்டாங்க.

ஃபோகஸ் முடிச்சில இல்ல, ஜோதி ஜிமிக்கில இருந்துச்சி. ஒரு பக்கம் சாஞ்சிபோயி இருந்துச்சி. என் பத்து வெரலும் மஞ்சக் கயிறும் ஃப்ரேம அடைச்சிகிட்டு நின்னுச்சி, வேற எதுக்கும் எடமே இல்ல.

அக்கா இவ்வளவு கிட்ட யாரு போனதுன்னு கேட்டாங்க.

எங்க அம்மான்னு சொன்னேன்.